வேலூரில் வீட்டு எலிக்குத் தீனி: பெட் ஷாப் பாக்கெட்டா, லாங் பஜார் தானியக் கடையா?

வேலூரில் வீட்டு எலி வளர்ப்பவர்கள் தீனி எங்கே வாங்குவது என்று கேட்டால், நான் கைகாட்டுவது லாங் பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் சிறுதானியக் கடையைத்தான். பெரிய கடை இல்லை. பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. வாசலில் சாக்கு மூட்டைகளை வாய் மடித்து வைத்திருப்பார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு மூடி போட்ட தகர டிரம்கள். கம்பு, தினை, சாமை, கேழ்வரகு, பொட்டுக்கடலை, அவல், ஆளி விதை எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுப்பார்கள். பெட் ஷாப்பில் விற்கும் கலர் பாக்கெட்டுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இங்கே ஒரு கல்லூரியின் அனிமல் ஹவுஸில் அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். ஆராய்ச்சிக்கு வளர்க்கும் வெள்ளை எலிகளுக்குத் தீனி போடுவது, தண்ணீர் பாட்டில் மாற்றுவது, கூண்டு கழுவுவது, வாராவாரம் எடை போட்டு நோட்டில் எழுதுவது, இதுதான் என் வேலை. விஸ்டார் என்ற இனம். 1906-இல் பிலடெல்பியாவில் இருக்கும் விஸ்டார் நிறுவனத்தில் உருவான எலி அது. இன்றைக்கு உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கூடங்களில் இருக்கிறது. இப்போது சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் இரண்டு பெண் எலிகள் இருக்கின்றன. பேத்தி பெயர் வைத்தாள்: லட்டு, பூந்தி. லட்டு முழு வெள்ளை. பூந்திக்குத் தலையும் தோளும் மட்டும் கறுப்பு. எலி தனியாக இருந்தால் ஏங்கிப் போகும், அதனால் இரண்டு.

அனிமல் ஹவுஸில் தீனி என்றால் பெல்லட்தான். விரல் தடிமனில், கட்டியாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் எலிகளுக்குத் தயாரிக்கும் தீவனத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் சார் ஒரு முறை விளக்கினார். பெரும்பங்கு வறுத்த கொண்டைக்கடலை மாவு. அடுத்தது கோதுமை மாவு. அதோடு கொழுப்பு எடுத்த பால் பவுடர், பாலில் இருந்து பிரித்த கேசின் என்ற புரதம், கொஞ்சம் எண்ணெய், தாது உப்புக் கலவை, விட்டமின் கலவை. அவ்வளவுதான். முக்கால்வாசிச் சாமான் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலேயே இருக்கிறது என்று அன்றைக்கே மனதில் பதிந்தது. தானியக் கடையை நான் தேடிப் போனதற்கு அதுதான் காரணம்.

சரி, முதலில் பெட் ஷாப் பாக்கெட்டைப் பார்த்துவிடலாம். ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் எலித்தீனி என்று தனியாகக் கிடைப்பது அபூர்வம். எடுத்துக் கொடுப்பது ஹேம்ஸ்டர் என்ற, எலி மாதிரியான சிறு வளர்ப்புப் பிராணியின் படம் போட்ட விதைக் கலவை. பின்பக்கம் ஹேம்ஸ்டர், முயல், கினி பிக், எலி எல்லாவற்றுக்கும் உகந்தது என்று அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வரியே போதும், அதை அலமாரியில் திரும்ப வைக்க. முயல் புல் தின்னும் பிராணி. கினி பிக்குக்கு உடம்பில் விட்டமின் சி ஊறாது, மனிதனைப் போலவே தீனி வழியாகத்தான் கிடைக்க வேண்டும். எலிக்கு அந்தச் சத்து அதன் ஈரலிலேயே உண்டாகிவிடும். எலி தானியமும் தின்னும், முட்டையும் தின்னும், மீனும் தின்னும். இந்த நாலுக்கும் ஒரே தீனி எப்படிப் பொருந்தும்?

பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தோலோடு சூரியகாந்தி விதை, உடைத்த நிலக்கடலை, மக்காச்சோளம், சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளித் துண்டு, சிவப்பும் மஞ்சளுமாக வளையங்கள், நடுவே பச்சை நிறத்தில் குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் செய்த பெல்லட். சத்தெல்லாம் அந்தப் பச்சைப் பெல்லட்டில்தான் சேர்த்திருப்பார்கள். ஆனால் லட்டு சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் மூக்கை விட்டு ஒரு கிளறு கிளறும். சூரியகாந்தி விதையை இரண்டு கையாலும் எடுத்து, நுனியில் ஒரு கடி கடித்து, தோலை இரண்டாகப் பிளந்து கீழே போட்டுவிட்டுப் பருப்பை மட்டும் உருட்டி உருட்டித் தின்னும். விதை தீர்ந்ததும் கடலை. அப்புறம் பப்பாளி. பச்சைப் பெல்லட்டைக் கையில் எடுக்கும், மோந்து பார்க்கும், ஓரமாகத் தள்ளிவிடும். மறுநாள் காலையில் கிண்ணத்தில் மிச்சம் இருப்பது பச்சைப் பெல்லட்டும் விதைத் தோலும்தான். வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? தீனி பிடிக்கவில்லை போல என்று மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போடுகிறார்கள். எலி மறுபடியும் விதையைப் பொறுக்குகிறது.

சூரியகாந்திப் பருப்பிலும் நிலக்கடலையிலும் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வளர்ந்த எலியின் மொத்தத் தீனியில் கொழுப்பு நாலில் இருந்து ஏழு சதவீதம் இருந்தால் தாராளம். விதையை மட்டுமே பொறுக்கித் தின்னும் எலி கொஞ்ச நாளில் வயிறு தரையில் படுகிற மாதிரி ஆகிவிடும். பெண் எலிக்கு மார்புக் கட்டி வருவது சாதாரணமாகவே அதிகம், உடம்பு பெருத்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். தீனியைக் கட்டுப்படுத்தினால் எலி நீண்ட நாள் வாழும் என்பது புதிய சங்கதியும் இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே என்ற பேராசிரியரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1935-இலேயே வெளியிட்ட ஆராய்ச்சி அது. சத்து குறையாமல் கலோரியை மட்டும் குறைத்து வளர்த்த எலிகள், இஷ்டத்துக்குத் தின்ற எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. எலியின் ஆயுளே இரண்டு, மூன்று வருஷம்தான். அதில் சில மாதங்கள் கூடினால் அது பெரிய விஷயம். பேத்தி மாதிரிக் குழந்தை எலி வளர்க்கும் வீட்டில் ரொம்பப் பெரிய விஷயம்.

நான் வாங்கிய ஒரு பாக்கெட்டில் இன்னொரு குறையும் இருந்தது. கடலையைக் கையில் தேய்த்து மோந்தால் சிக்கு வாடை. ஒன்றிரண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. கொடுத்த கடையில் கேட்டேன், ‘பாக்கெட்டைப் பிரிச்சிட்டீங்களே’ என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். கடலைப் பூஞ்சை லேசான சமாசாரம் இல்லை. 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன. அதை ஆராய்ந்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு தெரியவந்தது. எலியின் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு அது. வறுத்தாலும் முழுக்கப் போகாது. வட ஆற்காடு கடலை விளைகிற பூமி, நல்ல கடலைக்கு இங்கே பஞ்சமே இல்லை. நம் ஊரில் இருந்துகொண்டு பூஞ்சைக் கடலையைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

முயல் பெல்லட் வேண்டவே வேண்டாம், அது வெறும் நார். நாய் பிஸ்கெட், நாய்த் தீனி போடுகிறவர்கள் உண்டு. அதில் புரதம் வளர்ந்த எலிக்கு அதிகம். குட்டி போட்ட தாய்க்கு இரண்டு உருண்டை கொடுக்கலாம், தினப்படிக்கு வேண்டாம்.

இறக்குமதியாகும் எலி பிளாக் பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்போ, மசூரி போன்ற அமெரிக்கப் பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாச் சத்தையும் ஒன்றாக அரைத்து ஒரே கட்டியாக அழுத்திச் செய்வதால் எலி பொறுக்க முடியாது. எந்தப் பக்கம் கடித்தாலும் ஒரே தீனி. அனிமல் ஹவுஸ் பெல்லட்டின் தத்துவமும் அதுதான், அதனால் எனக்கு இதில் முழு நம்பிக்கை. வேலூரில் கடைகளில் பார்ப்பது அரிது, ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். விலை கூடுதல். வந்ததும் தேதியைப் பாருங்கள். அடுத்து எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மாடி ரூமில், சன்னலோரத்தில் வைத்தால் விட்டமின்கள் சீக்கிரம் வீரியம் இழக்கும், கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். எங்கள் வீட்டில் இதுதான் பாதித் தீனி. மீதிப் பாதிக்குத்தான் லாங் பஜார்.

தானியக் கடைக்கு வருவோம். எனக்கு முதலில் பிடித்தது, சாமானைத் தொட்டு மோந்து பார்க்க விடுவது. ‘தினை புதுசு வந்துகீதுண்ணா, பாருங்க’ என்று கடைக்காரத் தம்பி ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போடுவார். புதுத் தினை விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். பழையது கையில் மாவு ஒட்டும், ஊதினால் தூசு பறக்கும். கம்பை ஒன்றிரண்டு கடித்துப் பார்க்கலாம், கசந்தால் வேண்டாம். ஒரு தடவை ஆளி விதை கசந்தது. சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் டிரம்மையே உள்ளே தள்ளிவிட்டார், வேறு யாருக்கும் அதில் இருந்து நிறுக்கவில்லை. இந்தக் கடையை நான் சிபாரிசு செய்வதற்கு அந்த ஒரு காரியமே போதும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தத் தானியக் கடையில் வாங்கினாலும் இதைக் கேட்டுவிடுங்கள்.

‘ஏம்பா, குடோன்ல எலிமருந்து வெக்கறீங்களா?’

‘தானியம் கீற எடத்துல மருந்து வெப்பமாண்ணா? கூண்டுதான். ராத்திரி டிரம் மூடாம ஒருத்தனும் வீட்டுக்குப் போகமாட்டான்.’

பிறகு அவரே என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மூட்டைகள் தரையில் இல்லை, கட்டைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி. மூலையில் இரும்புக் கூண்டுகள். இது ஏன் அவசியம் என்றால், கடைகளில் வைக்கும் எலிமருந்து பெரும்பாலும் ரத்தத்தை உறைய விடாமல் செய்யும் வகை. தின்ற உடனே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தம் கசிந்து சாகும். எலி புதுத் தீனியைக் கொஞ்சமாகத் தின்றுபார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொண்டால்தான் மறுபடி தொடும். அந்தச் சுபாவத்தை ஏமாற்றத்தான் மருந்தை அப்படி மெதுவாக வேலை செய்கிற மாதிரி செய்கிறார்கள். அதில் ஒரு துணுக்கு நம் தீனியில் கலந்தால் காப்பாற்றுவது கஷ்டம். காட்டெலி மூத்திரம் பட்ட தானியமும் ஆபத்து, எலிக் காய்ச்சல் கிருமி நம் எலிக்கும் தொற்றும், அதைத் தொடுகிற குழந்தைக்குக் காய்ச்சலும் வரும். திறந்து கிடக்கும் மூட்டையில் இருந்து மட்டும் வாங்க வேண்டாம். இந்தக் கடையிலும் வாசல் மூட்டை பார்வைக்குத்தான், நான் டிரம்மில் இருந்துதான் நிறுக்கச் சொல்கிறேன்.

நான் வாங்கும் கணக்கு இது. ஏறக்குறைய ஒரு கிலோ தீனிக்குப் பொட்டுக்கடலை 350 கிராம், கோதுமை 300, கம்பும் தினையும் சேர்த்து 150, கேழ்வரகு 50, ஆளி விதை 30. கொழுப்பு எடுத்த பால் பவுடர் 80 கிராம் மளிகைக் கடையில் வாங்கிக்கொள்வேன். கடைசியில் சமையல் எண்ணெய் 20 கிராம். கூட்டிப் பார்த்தால் புரதம் பதினாறு, பதினேழு சதவீதம் வரும், கொழுப்பு ஆறு சதவீதம் வரும். 1993-இல் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர்கள் ஆராய்ச்சி எலிகளுக்கு ஒரு அளவு வகுத்தார்கள். வளரும் குட்டிக்கு 20 சதவீதம் கேசின், வளர்ந்த எலிக்கு 14 சதவீதம். நம் பொட்டுக்கடலையும் தானியமும் கேசின் அளவுக்குத் தரமான புரதம் இல்லை, அதனால் இரண்டு சதவீதம் கூட இருப்பது நல்லதுதான். கேழ்வரகு கொஞ்சமாகத்தான் போடுகிறேன். சுண்ணாம்புச் சத்துக்கு அதை மிஞ்சிய தானியம் இல்லை. புரதம்தான் அதில் குறைவு.

மாவாக அரைத்து வைத்ததை அந்தக் கடையில் வாங்காதீர்கள், வேறு எங்கேயும் வாங்காதீர்கள். கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசக்கத் தொடங்கிவிடும், அதில் இருக்கும் எண்ணெய் அப்படி. முழுத் தானியமாக வாங்கி, அந்தந்த வாரத்துக்கு மட்டும் மிக்ஸியில் அரைப்பேன். தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, விரல் தடிமனுக்கு உருட்டி, இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, இட்லிப் பானையில் ஆவி காட்டி எடுப்பேன். ஆறியதும் வெள்ளைத் துணி மேல் பரப்பி மொட்டை மாடியில் வைத்தால், சித்திரை வைகாசியில் ஒரே நாளில் கல்லாகக் காய்ந்துவிடும். மற்ற மாதங்களில் இரண்டு மூன்று நாள் ஆகும். உடைத்தால் ‘டொக்’ என்று சத்தம் வர வேண்டும். நடுவில் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், மறுபடி காய வைக்க வேண்டும். எலிக்கு முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கட்டித் தீனியைக் கடித்தால் அதுவும் தேயும். பூந்தி ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு ஊஞ்சல் துணிக்குள் ஓடிவிடும், அங்கிருந்து கறகறவென்று கேட்கும். மறுநாள் கிண்ணத்தில் ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. அதுதான் எனக்கு வேண்டியது.

இந்த ஒரு கிலோ 150 ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும். வளர்ந்த எலி ஒரு நாளைக்கு 15-இல் இருந்து 20 கிராம் தின்னும். இரண்டு எலிக்கு இதையே முழுத் தீனியாகப் போட்டாலும் ஒரு மாதம் வரும். எங்களுக்குப் பாதிதான் என்பதால் ஒரு தடவை வாங்கும் தானியம் இரண்டு மாதம் ஓடும்.

முழுக்க இதையே போட்டுவிடலாமே என்றால், கூடாது. அனிமல் ஹவுஸ் பெல்லட்டில் கலக்கும் விட்டமின் கலவை நம் வீட்டில் இல்லை. பி12 தானியத்திலும் பருப்பிலும் கிடையாது, விட்டமின் டி-யும் அப்படித்தான். அதனால்தான் பாதிக்குப் பாதி பிளாக். அது கிடைக்காத சமயத்தில் வாரம் இரண்டு நாள் வேகவைத்த முட்டையில் கால்வாசி, வாரம் ஒரு நாள் சுண்டைக்காய் அளவு வேகவைத்த ஈரல் கொடுத்துச் சமாளிக்கிறேன். ஈரலில் விட்டமின் ஏ மிக அதிகம், சுண்டைக்காய் அளவுக்கு மேல் போகக் கூடாது.

காய்கறிக்கு நேதாஜி மார்க்கெட். இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கேரட், பூசணி, பீர்க்கங்காய், வெள்ளரி, முருங்கைக்கீரை ஒரு கொத்து, நன்றாக அலசி, கட்டை விரல் அளவு. காலையில் கொடுத்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், வேலூர் வெயிலில் ஈரத் தீனி மதியத்துக்குள் புளித்துவிடும். பச்சை விட்ட உருளைக்கிழங்கு, முளைவிட்ட உருளைக்கிழங்கு வேண்டாம். ராஜ்மா, மொச்சை எல்லாம் நன்றாக வேகவைக்காமல் கொடுக்கவே கூடாது. பச்சை ராஜ்மாவில் குடலைப் புண்ணாக்கும் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால்தான் போகும். ஆண் எலி வளர்ப்பவர்கள் ஆரஞ்சுத் தோலைக் கூண்டில் போட வேண்டாம். அந்தத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் ஆண் எலிக்குச் சிறுநீரகத்தில் கட்டியை உண்டாக்கியது என்று 1990-இல் அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வில் வந்தது. ஆண் எலியின் ஈரலில் சுரக்கும் ஒரு தனிப் புரதம்தான் காரணம். பெண் எலிக்கு அது இப்படிச் சேர்வதில்லை, மனிதனுக்கு அந்தப் புரதமே இல்லை. அதனால் நாம் சாப்பிடுவதைப் பார்த்து எலிக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நம் பக்கத்து வீடுகளில் நடக்கிற இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேழ்வரகுக் களி. எலிக்கு நல்லதுதானே என்று களி உருண்டையில் இருந்து பிய்த்து நீட்டுகிறார்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பு அமைப்பே அப்படி. தொண்டையில் ஒட்டுகிற எதுவும் அதற்கு ஆபத்து. களியும் சரி, கடலை வெண்ணெயும் சரி, பிசின் மாதிரி அண்ணத்தில் பிடித்துக்கொண்டு எலி மூச்சுக்குத் தவிக்கும். கூழாகக் கரைத்து, உப்புப் போடாமல், ஒரு ஸ்பூன் நக்கக் கொடுங்கள். விரும்பிச் சாப்பிடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் வேண்டாம், எண்ணெயும் உப்பும் மசாலாவும் அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது. மசாலா போடாமல் தனியே வேகவைத்த கோழி எலும்பு ஒன்று கொடுக்கலாம், எலி அதை விழுங்காது, கொறித்து மஜ்ஜையைத் தின்னும்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு எலி நாளுக்கு 25-இல் இருந்து 40 மில்லி வரை குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். கட்டித் தீனி தின்னும் எலி தண்ணீர் இல்லாவிட்டால் தீனியையே நிறுத்திவிடும். பாட்டில் நுனிக் குண்டு சிக்கிக்கொள்ளும், தினமும் விரலால் தொட்டு ஈரம் வருகிறதா என்று பாருங்கள்.

பேத்திக்கு இதெல்லாம் இப்போது அத்துப்படி. கிச்சன் தராசில் ஒரு டப்பாவை வைத்து, அதில் எலியை உட்கார வைத்து, ஞாயிறுதோறும் எடை எழுதுகிறாள். லட்டு 290 கிராம், பூந்தி 270. ‘தாத்தா, லட்டு ஏறிட்டா, இந்த வாரம் கடலை கட்’ என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். கடலை என்பது நிலக்கடலை, வாரத்துக்கு ஆளுக்கு ஒன்று, தோல் உரிக்காமல். அதையும் அந்தக் கடையில்தான் வாங்குகிறேன். ஓட்டை உடைத்துப் பார்த்து, உள்தோல் ரோஸாகப் பளிச்சென்று இருந்தால் மட்டும்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. சந்துக்குள் வண்டி நிறுத்த இடம் கிடையாது, தூரமாக நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். மாலையில் கூட்டம் தாங்காது, அந்த நேரத்தில் போனால் மோந்து பார்த்து வாங்குகிற வேலையெல்லாம் நடக்காது. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதித் தருவார்கள். பொட்டுக்கடலையில் எப்போதாவது சிறு கல் வரும், முறத்தில் ஒரு தடவை புடைத்துக்கொள்ளுங்கள். சாமானின் தரத்தில் மட்டும் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். ஹேம்ஸ்டர் படம் போட்ட பாக்கெட்டுக்கு ஒன்று. இறக்குமதி பிளாக்குக்கு, தேதி புதிதாக இருந்தால், ஐந்துக்கு ஐந்தே கொடுப்பேன்.

குட்டி வளர்க்கிறவர்களுக்கு, சினை எலி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு போதாது. பொட்டுக்கடலையை 450 ஆக்கி, கோதுமையை 200 ஆகக் குறையுங்கள், முட்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுங்கள். பழைய தீனியில் இருந்து மாற்றும்போது ஒரேயடியாக மாற்றாதீர்கள். பழையதில் கால் பங்கு புதியது என்று தொடங்கி இரண்டு வாரத்தில் முழுக்கக் கொண்டுவரலாம். கடைக்குக் காலை பத்து மணிக்குப் போங்கள், மூட்டை இறக்கி டிரம்மில் கொட்டி முடித்திருப்பார்கள், தம்பியும் ஓய்வாக இருப்பார்.